ஹாமர் ட்ரில்லா, ரோட்டரி ஹாமரா, பற்றறி ட்ரில்லா? யாழ்ப்பாணத்து வீடுகளை வைத்து ஓர் ஒப்பீடு

ஹாட்வெயார் கடையில் ட்ரில் மெசின் கேட்டால் முதலில் வரும் பேச்சு வாற் கணக்குத்தான். 500 போதுமா, 850 வேணுமா? வாற் கூடக்கூடத் துளை சுத்தமாக வரும் என்று நினைத்துக் காசைக் கொட்டுவது வீண். மொட்டையான பிட்டைப் (மெசினில் மாட்டித் துளைக்கும் முனைக் கம்பியை) போட்டு 850 வாற்றில் ஓட்டினால் புகைதான் கிளம்பும். கூரான, பொருளுக்குப் பொருத்தமான பிட்டை 500 வாற் மெசினில் போட்டால் வேலை முடிந்துவிடும். எதில் துளைக்கப்போகிறோம் என்பது முதல் கேள்வி. பிட் இரண்டாவது. மெசின் மூன்றாவது. முதலில் சுவரைப் பார்ப்போம்.

சுவர் என்ன சுவர்?

குடாநாட்டில் மூன்று விதமான சுவர்கள் ஒரே ஒழுங்கையிலேயே இருக்கும், சில வேளை ஒரே வீட்டிலேயே. பழைய நாற்சார் வீடுகளிலும் கல்வீடுகளிலும் சுண்ணாம்புக்கல்லோ முருகைக்கல்லோ வைத்துச் சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய தடித்த சுவர். பிறகு வந்த வீடுகளில் சீமெந்துக் கல், அதிலும் திண்மக்கல் ஒன்று, உள்ளே பொள்ளலான கல் ஒன்று. மூன்றாவது லிண்டல், பீம், தூண் ஆகிய கொங்கிறீற்.

எது என்று தெரியாவிட்டால், படமோ அலுமாரியோ மறைக்கப்போகும் இடத்தில் 5 மி.மீ. சீமெந்து பிட்டால், ஹாமரை (தட்டிக்கொண்டே சுழலும் முறையை) நிறுத்தி வைத்து ஒரு சோதனைத் துளை போடுங்கள். பூச்சைத் தாண்டியதும் வெள்ளைத் தூள் லேசாகக் கொட்டினால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத் தூள் மெதுவாக ஆனால் விடாமல் வந்தால் சீமெந்துக் கல். திடீரென்று பிட் உள்ளே பாய்ந்தால் பொள்ளல் கல். 12 முதல் 15 மி.மீ. பூச்சு முடிந்த இடத்தோடு பிட் நின்று, சுற்றிக்கொண்டே இருந்தால் கொங்கிறீற்.

சுண்ணாம்புக்கல் சுவரில் ஹாமர் போடவே கூடாது என்பதுதான் எங்கள் முடிவு. கல் இளக்கமானது, வெறும் சுழற்சிக்கே இடம் கொடுக்கும். தட்டு விழ விழ, பழைய சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்து, துளையைச் சுற்றியுள்ள பூச்சு தட்டாகக் கழன்று விழும். இன்னொரு தொல்லை, கற்கள் ஒழுங்கற்றவை. பிட் கல்லின் ஓரத்தில் பட்டால் இளகிய சாந்துப் பக்கம் வழுக்கிப் போய்விடும். அடையாளம் வைத்த இடத்திலிருந்து துளை ஒரு விரல் தள்ளிப்போவது இதனால்தான். 5 மி.மீ. துளை முதலில், பிறகு 6, பிறகு 8 என்று ஏறினால் வழி மாறாது. பழைய பூச்சு தடிப்பாக இருக்கும், 30 மி.மீ. பிளக் (ஸ்குரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் குழல்) முழுவதும் பூச்சுக்குள்ளேயே நின்றுவிடும், அலுமாரித் தட்டின் பாரத்துக்கு அது வராது. 60 மி.மீ. அல்லது அதற்கு மேல் நீளமான பிளக் எடுங்கள். துளை சாந்தில் விழுந்துவிட்டால் பிளக் சுழலும். அந்தத் துளையை அடைத்துவிட்டுக் கல்லைத் தேடிப் போங்கள், நெருப்புக்குச்சி செருகிச் சமாளிக்க வேண்டாம்.

பொள்ளல் கல்லிலும் ஹாமர் கெடுதிதான். முன்பக்கத்தில் துளை அழகாக இருக்கும், ஆனால் சுவருக்குள் கல்லின் உட்புறம் கூம்பாகப் பெயர்ந்து விழுந்திருக்கும். பிளக் பிடிக்க அங்கே ஒன்றும் மிஞ்சாது. திண்மக்கல்லுக்கு மட்டும் லேசாக ஹாமர் போடலாம்.

இனிக் கொங்கிறீற். யாழ்ப்பாணத்து வீட்டில் ட்ரில் மெசினைப் பற்றிய முதல் முறைப்பாடு யன்னல் சேலை போடும் கம்பியிலிருந்துதான் வரும். கம்பி போகும் இடம் யன்னலுக்கு மேலே. யன்னலுக்கு மேலே இருப்பது லிண்டல். சுவரில் வெண்ணெய்போல இறங்கிய அதே மெசின், அரை அடி மேலே போனதும் அசையாது. மெசின் பழுதில்லை, அது அந்த வேலைக்கு உரியதில்லை.

ஹாமர் ட்ரில்லும் ரோட்டரி ஹாமரும்

பெயர் ஒத்திருந்தாலும் உள்ளே இருப்பது வேறு வேறு. சாதாரண ஹாமர் ட்ரில்லில் பல்வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உரசித் துள்ளுகின்றன. நிமிடத்துக்கு 40,000 தட்டுக்கு மேல் வரும், ஒவ்வொன்றும் மிகச் சிறியது. நீங்கள் அமத்தும் பலம்தான் அந்தப் பற்களைப் பொருத்துகிறது. அமத்தாவிட்டால் தட்டே இல்லை. ரோட்டரி ஹாமரில் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று ஒரு இரும்புக் கட்டியை எறிந்து பிட்டின் பின்பக்கத்தில் அடிக்கிறது. நிமிடத்துக்கு 4,000 முதல் 5,000 அடிதான், ஆனால் வீட்டுப் பாவனைக்குரிய 800 வாற் மெசினில் ஒவ்வோர் அடியும் 2 முதல் 3 ஜூல். கொங்கிறீற் உடைவது இந்தக் கனமான அடிக்குத்தான்.

அதனால் லிண்டலில் 6 மி.மீ. துளை 50 மி.மீ. ஆழத்துக்குப் போட, ஹாமர் ட்ரில்லோடு ஏணியில் நின்று மார்பைக் கொடுத்து அமத்த வேண்டியிருக்கும். பிட்டின் நுனி சிவந்து, அதில் ஒட்டியிருக்கும் காபைட் என்ற கடினமான வெட்டுத் துண்டு கழன்றுவிடும். ரோட்டரி ஹாமர் சில வினாடிகளில் முடித்துவிடும், அமத்தவும் தேவையில்லை. மிகையாக அமத்தினால் வேகம் குறையும். மெசினைத் தாங்கிப் பிடித்தால் போதும்.

ஆனால் இதை மட்டும் வாங்கி எல்லாவற்றுக்கும் பாவிக்கலாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். ரோட்டரி ஹாமருக்குரிய எஸ்டிஎஸ் பிளஸ் பிட் 10 மி.மீ. தண்டோடு, தவாளிப்பு வெட்டி வரும். அடி வாங்குவதற்காகவே அது உள்ளே சற்று ஆடும்படி செய்யப்பட்டது. அந்த ஆட்டத்தோடு அடப்டர் போட்டு மரத்திலோ இரும்பிலோ துளைத்தால் துளை வட்டமாக வராது. எடையும் 3 கிலோ வரை. ரைல்ஸ் ஒட்டிய சுவரில் சுவிட்ச் மாற்ற மறந்து ஒரு அடி விழுந்தாலே ரைல் வெடித்துவிடும்.

கொங்கிறீற்றில் பிட் சட்டென்று நின்று, சத்தம் கூர்மையாகி, தூளில் மின்னும் துகள் வந்தால் கொங்கிறீற்றுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியில் பட்டிருக்கிறது. 25 முதல் 30 மி.மீ. பக்கவாட்டில் தள்ளி மறுதுளை போடுங்கள். பீம் கம்பியை வெட்டிக்கொண்டு போவது வீட்டின் பலத்தோடு விளையாடுவது.

பற்றறி ட்ரில்

18 வோல்ற் என்று எழுதியதும் 20 வோல்ற் என்று எழுதியதும் ஒரே பற்றறிதான். உள்ளே ஐந்து செல்கள்; ஒன்று 3.6 வோல்ற் என்று கணக்கிட்டால் 18, முழுச் சார்ஜில் 4 வோல்ற் என்று கணக்கிட்டால் 20. இரண்டு வோல்ற்றுக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. பார்க்க வேண்டியது அம்பியர் மணி, அதாவது பற்றறியின் கொள்ளளவு. 2 அம்பியர் மணிப் பற்றறி கபினற் வேலைக்குப் போதும். பெரிய ஹோல் சோவுக்கு (வட்டமாக வெட்டும் கிண்ண வடிவ வாளுக்கு) 4 வேண்டும்.

மரவேலைக்கு இதுதான் முதல் தெரிவு. வேகத்தை விரலால் கட்டுப்படுத்தலாம், ஸ்குரூ ஆணியும் ஏற்றலாம். ஈர ரைலில் துளைக்கும்போது 230 வோல்ற் வயர் பக்கத்தில் இல்லை என்பது இன்னொரு பெரிய நன்மை. கொங்கிறீற்றுக்கு இதை நம்ப வேண்டாம், பெட்டியில் சுத்தியல் படம் போட்டிருந்தாலும் சரி. கடையில் இம்பாக்ட் டிரைவர் என்றொன்றையும் காட்டுவார்கள். அது சுழலும் திசையில் அடித்து ஸ்குரூ ஏற்றும் கருவி. சுவருக்குள் அடிக்காது. பெயரில் மயங்கி வாங்குவோர் நிறையப் பேர்.

ரைலுக்கு எந்த பிட்?

குளியலறைச் சுவரில் ஒட்டும் சாதாரண செரமிக் ரைலுக்கு ஈட்டி முனைக் காபைட் பிட் போதும். போசிலின் ரைல் தண்ணீரை உறிஞ்சுவது 0.5 சதவீதத்துக்கு மேல் இல்லை, அவ்வளவு இறுக்கம். அதில் ஈட்டி முனை ஒரு துளையோடு மழுங்கிவிடும், உள்ளே பொள்ளலான வைர பிட்தான் வேண்டும். பின்பக்கம் தெரியும் ஒரு மிச்சத் துண்டு கிடைத்தால் பாருங்கள்: சிவப்பு அல்லது வெள்ளை மண் நிறத்தில், ஈர விரல் ஒட்டிக்கொண்டால் செரமிக். முகமும் முதுகும் ஒரே மாதிரி இறுகி, ஈரம் பிடிக்காவிட்டால் போசிலின்.

இரண்டுக்கும் பொதுவான விதி, ரைலைத் தாண்டும் வரை ஹாமர் நிறுத்தி இருக்க வேண்டும். தாண்டிய பிறகு பிட்டை மாற்றி, பின்னால் உள்ள கல்லில் சீமெந்து பிட்டால் தொடருங்கள். வைர பிட்டுக்கு நடுமுள் இல்லாததால் நேராக வைத்தால் ரைலில் சறுக்கி ஓடும். சாய்த்துப் பிடித்து, ஒரு பிறை வடிவக் கீறல் விழுந்ததும் மெதுவாக நிமிர்த்துங்கள். தண்ணீர் விடாமல் ஓட்டினால் வைரம் பிடித்திருக்கும் உலோகப் பூச்சு வெந்துவிடும். தரையில் களிமண்ணால் சிறு வரம்பு கட்டித் தண்ணீர் நிரப்பலாம். சுவரில் ஒருவர் போத்தலால் தெளிக்க, மற்றவர் துளைக்கலாம். அமத்தக் கூடாது, கடைசி இரண்டு மி.மீ. இல் இன்னும் லேசாக.

ரைலின் நடுவில் போடுவதா, இரண்டு ரைலுக்கு இடைப்பட்ட கோட்டில் போடுவதா என்று ஒரு வாதம் உண்டு. கோட்டில் போட்டால் ரைல் பழுதாகாது என்பார்கள். கோடு 2 அல்லது 3 மி.மீ. அகலம், பிட் 6 மி.மீ. இரண்டு ரைலின் ஓரமும் சேர்ந்து சிராய்ந்துவிடும். ஓரத்திலிருந்து 25 மி.மீ. ஆவது தள்ளி, உள்ளே போடுவதே நல்லது. அதற்கு முன் விரல் மொழியால் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று பொள்ளல் சத்தம் கேட்கும் ரைலுக்குப் பின்னால் சாந்து இல்லை, அந்த இடத்தை விடுங்கள். பிளக்கை ரைல் முகத்தோடு நிறுத்தாமல் ரைலைத் தாண்டி உள்ளே தள்ளுங்கள். ஸ்குரூ ஏறும்போது பிளக் விரிந்து ரைலைப் பிளப்பது இதனால் தவிரும். துளை சுத்தமாக வந்தும் மறுநாள் ரைலில் கீறல் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மரம்: முதிரை, பாலை, பனை

நிலைக்கும் கதவுக்கும் பாவிக்கும் முதிரை, பாலை போன்ற வன்மரங்களில் துளை கருகுவது பொதுவான முறைப்பாடு. காரணம் மூன்று: பிட் மழுங்கல், வேகம் மிதமிஞ்சல், தவாளிப்பில் சீவல் அடைத்துக்கொள்ளல். ஒவ்வொரு 10 மி.மீ. க்கும் பிட்டை வெளியே இழுத்துச் சீவலைத் தட்டுங்கள். தட்டை பிட் இந்த மரங்களில் சுரண்டுமே தவிர வெட்டாது. பைன் பலகைக்கு அது சரி. நடுமுள்ளும் ஓரக் கத்தியும் உள்ள மரப் பிட் சற்று விலை என்றாலும் வாய் சுத்தமாக வரும்.

பனை வேறு கதை. வெளிப்புறம் கருத்த நாரால் இறுகியது, உள்ளே போகப்போகச் சோறு. நார் ஒவ்வொன்றும் பிட்டின் முனையை ஒரு பக்கம் தள்ளும், வெளியே வரும் இடத்தில் வெட்டுப்படாமல் சிலும்பாகப் பிரியும். பனஞ்சிலாகையில் முன்துளை இல்லாமல் ஆணி அடித்தால் நீளத்துக்குப் பிளக்கும் என்பது கூரை வேலை தெரிந்த எவருக்கும் தெரியும். 3 மி.மீ. எச்எஸ்எஸ் (அதிவேக உருக்கு) பிட்டால் முன்துளை போட்டு, பிறகு நடுமுள் பிட்டை வேகமாகச் சுழல விட்டு, லேசாக அமத்துங்கள்.

மறுபக்கம் சிலும்பு பெயராமல் இருக்க இரண்டு வழி. ஒன்று, பின்னால் ஒரு மிச்சப் பலகையை இறுக்கமாகக் கிளாம்ப் பண்ணித் துளைப்பது. மற்றது, நடுமுள் மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, அந்தப் பக்கத்திலிருந்து முடிப்பது. தட்டுப் பலகை போன்ற தனித்துண்டுக்கு முதல் வழி விரைவு. பலகைக்கும் மிச்சத்துக்கும் இடையில் மயிரளவு இடைவெளி இருந்தாலும் பயன் இல்லை. நிலையில் மாட்டிய கதவுக்கு இரண்டாவது வழியே சிறந்தது. உருண்டைக் கைபிடிப் பூட்டுக்கு 54 மி.மீ. ஹோல் சோ, கதவின் ஓரத்தில் நாக்குப் போகும் துளை 25 மி.மீ. அளவில், கதவு ஓரத்திலிருந்து நடு வரைக்குமான தூரம் பூட்டைப் பொறுத்து 60 அல்லது 70 மி.மீ. பூட்டுப் பெட்டியில் உள்ள கடதாசி அச்சை ஒட்டிவிட்டே தொடங்குங்கள். பெரிய துளையை முதலில் போட்டு, ஓரத் துளையைப் பிறகு போட வேண்டும். ஹோல் சோ மாட்டிக்கொண்டால் மெசின் மணிக்கட்டை முறுக்கிவிடும். பக்கக் கைபிடி இல்லாமல் தொடவே வேண்டாம்.

ஸ்குரூவுக்கு முன்துளை: 4 மி.மீ. ஸ்குரூவுக்கு முதிரையில் 3 மி.மீ., மென்மரத்தில் 2.5. பித்தளை ஸ்குரூ வன்மரத்தில் தலை முறியும், அதே அளவு இரும்பு ஸ்குரூவை முதலில் ஏற்றி எடுத்துவிட்டுப் பித்தளையைப் போடுங்கள்.

இரும்பும் எவர்சில்வரும்

இரும்புக்கு வேகக் கணக்கு எளிது. எச்எஸ்எஸ் பிட்டின் மி.மீ. அளவால் 8,000 ஐப் பிரியுங்கள். 6 மி.மீ. க்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,300 சுற்று, 10 மி.மீ. க்கு 800. எவர்சில்வருக்கு இதில் பாதி. வீட்டு மெசின்கள் உச்சத்தில் 2,800 முதல் 3,000 வரை சுற்றும், அதனால் விசையை முழுதாக அமத்தி 10 மி.மீ. பிட்டை ஓட்டுபவர் பிட்டை எரிக்கிறார்.

எவர்சில்வர் கைபிடிக் குழாயில் துளைக்கும்போது பலரும் செய்யும் பிழை, லேசாக அமத்தி வேகமாக ஓட்டுவது. உரசல் பட்ட மேற்பரப்பு இறுகிக் கெட்டியாகி, அதன்பின் எந்த பிட்டும் ஏறாது. குறைந்த வேகம், நல்ல அமத்தல், எண்ணெய், விடாமல் சீவல் வர வேண்டும். பிட் கிறீச்சிட்டுச் சீவல் நின்றால் உடனே எடுங்கள். 5 சதவீதக் கோபால்ட் கலந்த, 135 பாகை முனையுள்ள பிட் இதற்குரியது. சாதாரண 118 பாகை முனை கேற்றுப் பொக்ஸ் பாருக்குப் போதும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சீவல் பிட்டில் ஒட்டாது.

தகரம் போன்ற மெல்லிய தகட்டில் துளை முக்கோணமாக வருவதற்குக் காரணம், பிட்டின் ஓரம் வெட்டத் தொடங்குமுன் முனை மறுபக்கம் போய்விடுவது. படிப்படியாக அகலும் கூம்பு பிட் இதற்கு மருந்து. இல்லாவிட்டால் தகட்டை இரண்டு பலகைக்கு நடுவில் இறுக்கித் துளையுங்கள். கூரைத் தகட்டில் விழும் இரும்புச் சீவலை அன்றைக்கே தூரிகையால் தட்டிவிட வேண்டும். எங்கள் உப்புக்காற்றில் ஒவ்வொரு சீவலும் ஒரு கறள் பொட்டாகும்.

பிட்டைக் கூர்பார்ப்பதற்கும் சீவலே அளவுகோல். இரண்டு தவாளிப்பிலும் ஒரே மாதிரிச் சுருள் வந்தால் முனை சரி. ஒரு பக்கம் மட்டும் வந்தால் முனை கோணலாகத் தீட்டப்பட்டிருக்கிறது, துளை அளவை விடப் பெருக்கும்.

தண்ணீர்த் தாங்கி

பிளாஸ்ரிக் தாங்கியில் தட்டை பிட் பாவித்தால் ஓரம் கிழிந்து, வொஷர் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். ஹோல் சோவே சரி. தாங்கியில் குழாயை இணைக்கும் கனெக்டரின் புரி வெளிவிட்டம் அரை அங்குலக் குழாய்க்கு 21 மி.மீ., முக்கால் அங்குலத்துக்கு 26.4, ஒரு அங்குலத்துக்கு 33.2. ஆகவே ஹோல் சோ முறையே 22, 28, 35. வாங்கிய கனெக்டரை அளந்து பார்த்துவிட்டே வெட்டுங்கள். வளைந்த பரப்பில் போடாமல், தாங்கியில் தட்டையாக விட்டிருக்கும் இடத்தில் போட வேண்டும்.

எதை வாங்குவது

சீமெந்துக் கல் வீடு, வருடத்தில் சில படங்கள், ஒரு தட்டு, கேற்றில் ஏதாவது திருத்தம் என்றால் 600 முதல் 700 வாற், 13 மி.மீ. சக் (பிட்டைக் கவ்வும் வாய்), வேகக் கட்டுப்பாடு உள்ள ஹாமர் ட்ரில் ஒன்று போதும். லிண்டலில் யன்னல் கம்பிகளைப் போடும் அந்த ஒரு நாளுக்கு ரோட்டரி ஹாமரை வாடகைக்கு எடுங்கள், அல்லது வயரிங் வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள். எல்லா அறைகளுக்கும் சேர்த்து அடையாளம் வைத்து ஒரே நாளில் முடிக்கலாம். சுவிட்சுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் வயர் போகும், அந்தக் கோட்டைத் தவிருங்கள். பழைய சுண்ணாம்புக்கல் வீட்டுக்காரருக்கு ஹாமரே தேவைப்படாது, பற்றறி ட்ரில்லை வாங்கலாம். மேல்மாடி, கொங்கிறீற் தட்டு என்று கட்டிக்கொண்டிருப்பவர் மட்டும் ரோட்டரி ஹாமரைச் சொந்தமாக வாங்குவது நியாயம், அப்போதும் மரத்துக்கு இன்னொரு மெசின் வேண்டும்.

மிஞ்சும் காசைப் பிட்டில் போடுங்கள்: 6, 8 மி.மீ. சீமெந்து பிட் நல்லதாக இரண்டிரண்டு, 3 முதல் 10 வரை எச்எஸ்எஸ், 6, 8 மரப் பிட், தேவை வந்தால் ஒரு 6 மி.மீ. வைர பிட். பாதுகாப்புக் கண்ணாடியும் அந்தக் கணக்கில்தான். துணிக் கையுறை வேண்டாம், சுழலும் பிட்டில் சிக்கும். சாரத்தின் தொங்கலும் அப்படியே. பிட்டுகளை எண்ணெய்த் துணியால் துடைத்து மூடிய பெட்டியில் வையுங்கள்.

கடையிலேயே ஒன்றைச் சோதிக்கலாம். நீளமான 5 மி.மீ. பிட்டைச் சக்கில் மூன்று துளையிலும் சாவி போட்டு இறுக்கி, மெதுவாகச் சுழல விடுங்கள். நுனி ஒரு புள்ளியாக நிற்க வேண்டும். வட்டம் போட்டால் பிட்டை மாற்றிப் பாருங்கள். அப்போதும் வட்டம் போட்டால் சக் கோணல், வேறு மெசினை எடுக்கச் சொல்லுங்கள்.